மூளைக்குக் குளிர் மருந்தாகுமா?

(கொத்தமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைக்க வந்த அன்பர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். பேசி முடித்துப் புறப்படும்போது அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நின்று ஒன்று கேட்டார். "ஐயா, வாதம் அடித்தவர்களுக்கு உடம்பைக் குளிரவைத்து மூளையைக் காப்பாற்றுகிறார்களாமே. ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் நாங்கள் தலையில் ஐஸ் வைத்தால் என்ன?" வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நெடுங்கால ஆராய்ச்சி இருக்கிறது. அதில் சென்னையும் வேலூரும் புதுச்சேரியும் உலகம் கவனிக்கும் அளவுக்குப் பங்கு கொண்டிருக்கின்றன. அவருக்கு நான் தரவேண்டிய முழு விடையே இன்றைய பேச்சு.

முதலில் மூளையைப் பற்றிக் கொஞ்சம். நம் உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு செலவாளியான அந்த உறுப்புக்குச் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரை இருப்பு இருக்கிறது; மூளை அந்தந்த நொடி வருகிற இரத்தத்தை நம்பியே வாழ்கிறது. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுச் சொன்னார். எங்கள் துறையில் அந்த எண்ணைச் சொல்லாத வகுப்பே இல்லை.

ஆனால் எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் மடிவதில்லை. நம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். மடை அடைபட்டால் அந்த ஆயக்கட்டு முழுவதும் அன்றைக்கே கருகிவிடாது. அந்த மடையை மட்டுமே நம்பியிருந்த வயல் முதலில் போகும். பக்கத்து மடையிலிருந்து கசிந்து வருகிற ஈரத்தில் சுற்றியுள்ள பயிர் வாடி, தலைசாய்ந்து, உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நேரத்துக்குத் தண்ணீர் வந்தால் நிமிரும். வராவிட்டால் அதுவும் போகும். அடைப்பினால் வரும் பக்கவாதத்திலும் அப்படித்தான். நடுவில் ஒரு பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடுகிறது. அதைச் சுற்றி, செயலற்றும் சாகாமலும் ஒரு பகுதி சில மணி நேரம் காத்துக்கிடக்கிறது. பக்கவாத சிகிச்சை முழுவதும் அந்தக் காத்துக்கிடக்கும் பகுதிக்காகத்தான்.

அதைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடைப்பை எடுப்பது. இன்னொன்று, அடைப்பு எடுபடும்வரை அந்த அணுக்களின் தேவையைக் குறைப்பது. குளிர் இந்த இரண்டாம் வழியில் வருகிறது. மூளையின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அதன் ஆற்றல் செலவு ஏறக்குறைய 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது. அதோடு, மூச்சுத்திணறும் அணுக்கள் கொட்டித்தீர்க்கும் நச்சு வேதிப்பொருள்கள் குறைகின்றன; வீக்கம் குறைகிறது; அழற்சி தணிகிறது. ஒரே மருந்து இத்தனை வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நாம் நம்ப மாட்டோம். குளிர் செய்கிறது.

எவ்வளவு தூரம் செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1999 மே மாதம் நார்வேயின் நார்விக் அருகே பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்த ஆன்னா போகன்ஹோல்ம் என்ற இளம் மருத்துவர், உறைந்த ஓடையில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். 80 நிமிடம் நீருக்குள். இதயம் நின்றுவிட்டது. ட்ரோம்சோ மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது உடல் வெப்பம் 13.7 டிகிரி. சாதாரணமாக இதயம் நின்று ஐந்தாறு நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். அவர் பிழைத்தார், பின்னாளில் அதே மருத்துவமனையில் கதிரியல் மருத்துவராக வேலை பார்த்தார். மூளைக்கு இரத்தம் நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்துவிட்டது என்பதே அவர் பிழைத்த காரணம். இந்த வரிசையை மனத்தில் வையுங்கள். முதலில் குளிர், பிறகு இரத்தம் நிற்றல். பெருந்தமனி வளைவில் அறுவை செய்யும் இதய மருத்துவர்கள் இதே வரிசையைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள். உடலை 20 டிகிரிக்கும் கீழே இறக்கி, இரத்த ஓட்டத்தையே நிறுத்தி, வேலையை முடித்துவிட்டு மெல்லச் சூடாக்குகிறார்கள். அறுவைக்குக் குளிரைப் பயன்படுத்தலாம் என்று 1950-இல் விலங்குகளில் காட்டியவர் கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிகிலோ.

பக்கவாதத்தில் வரிசை தலைகீழ். இரத்தம் முதலில் நிற்கிறது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது மணிக்கணக்காகியிருக்கும். அதற்குப் பிறகு குளிரவைத்தால் பயன் உண்டா? 1987-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் எலிகளை வைத்து நடந்த ஒரு சோதனை நம்பிக்கை தந்தது. மிகக் கடுமையான குளிர் தேவையில்லை, இரண்டு மூன்று டிகிரி வேறுபாடே மூளையின் சேதத்தைப் பெரிதாக மாற்றுகிறது என்று அது காட்டியது. அதன் பிறகு உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். விலங்குகளில் இந்த அளவு உறுதியாக மூளையைக் காத்த சிகிச்சை வேறு அரிது.

அடுத்து மனிதர்களிடம் வந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து யூரோஹைப்-1 என்ற ஆய்வைத் தொடங்கின. பக்கவாதம் வந்து 6 மணி நேரத்துக்குள் உடலை 34 முதல் 35 டிகிரிக்குக் கொண்டுவருவது திட்டம். 1,500 பேரைச் சேர்க்க நினைத்தார்கள். 98 பேரோடு நின்றுபோனது. 2019-இல் வெளியான முடிவில் பயன் எதுவும் தென்படவில்லை. குளிரவைக்க வேண்டிய பிரிவில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடக் குறித்த வெப்பநிலையை எட்டவில்லை. அமெரிக்காவில் தொடைவழி இரத்தக்குழாய்க்குள் குளிர்க்குழல் செலுத்திப் பார்த்த இன்னோர் ஆய்வும் 120 பேரோடு நின்றது. குளிரவைத்தவர்களிடம் நுரையீரல் காய்ச்சல் கூடுதலாகத் தெரிந்தது.

ஏன் இப்படி? எலிக்கு மயக்கம் கொடுத்திருந்தார்கள். மனிதர் விழித்திருக்கிறார். விழித்திருக்கும் மனிதரின் உடல் 36 டிகிரிக்குக் கீழே போனாலே நடுங்கத் தொடங்கிவிடும். நடுக்கம் என்பது சிறிய விஷயமன்று. தசைகள் அனைத்தும் வேலை செய்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஆக்சிஜன் செலவு பல மடங்கு ஏறுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூளையின் செலவைக் குறைக்கப் போய் உடலின் செலவைக் கூட்டிவிடுகிறோம். நடுக்கத்தை அடக்க மயக்க மருந்து கொடுத்தால் விழுங்கும் சக்தியும் இருமும் சக்தியும் தளர்கின்றன. எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. பக்கவாதக்காரர் பெரும்பாலும் வயதானவர். ஏற்கெனவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பவர். அவருக்கு இந்தச் சுமை பெரிது.

ஆசிரியர் கேட்ட ஐஸுக்கும் விடை இங்கேதான். மண்டையோட்டுக்கு வெளியே வைக்கும் ஐஸ் தோலைக் குளிரவைக்கும். உள்ளே ஆழத்தில், சூடான இரத்தம் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் வீதம் ஓடிக்கொண்டிருக்கும் மூளையை அது எட்டாது. நோயாளி நடுங்குவார். நீங்கள் ஐஸ் தேடிய பத்து நிமிடம் போயிருக்கும். கிடைத்த பலன் அவ்வளவுதான்.

இனி, குளிர் வென்ற இடத்துக்கு வருகிறேன். அது நம் மாநிலத்திலேயே பெரிய கேள்விக்கு உள்ளான இடமும்கூட. இன்று அதிக நேரம் இங்கேதான் நிற்கப் போகிறேன்.

பிரசவத்தின்போது மூச்சு முட்டிப் பிறக்கும் குழந்தைகளை இந்த அவையில் பலரும் அறிவீர்கள். பிறந்ததும் அழாது, உடல் துவண்டிருக்கும், சில மணி நேரத்தில் வலிப்பு வரும். அந்தக் குழந்தையின் மூளை முழுவதும் சிறிது நேரம் ஆக்சிஜன் இல்லாமல் தவித்திருக்கிறது. பிறகு மூச்சு வந்து, இரத்தம் ஓடி, அணுக்கள் தேறியதுபோல் தோன்றும். ஆனால் சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலையாக அணுக்கள் மடியத் தொடங்கும். இடைப்பட்ட அந்த ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் மருத்துவருக்குக் கிடைக்கும் வாசல். பக்கவாதத்தில் அடைப்பு அப்படியே இருக்கிறது. இங்கே இரத்த ஓட்டம் திரும்பிவிட்டது. அதனால் குளிருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. மேலும், பச்சைக் குழந்தை பெரியவர்களைப்போல் நடுங்காது. உடல் சிறியது, எளிதில் குளிரும்.

2005-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றை நடத்தியவர் அமெரிக்காவின் டெட்ராய்டில் பணியாற்றிய சீதா சங்கரன். குழந்தையின் உடலை 33.5 டிகிரியில், அதாவது நம் தெர்மாமீட்டர் கணக்கில் 92-ஐ ஒட்டி, 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சூடாக்குவது முறை. 2013-இல் 11 ஆய்வுகளின் 1,505 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏழு குழந்தைகளைக் குளிரவைத்தால் அவர்களில் ஒரு குழந்தை சாவிலிருந்தோ பெரும் ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இது பெரிய வெற்றி. பணக்கார நாடுகளில் அதுவே வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

வெளிநாட்டுக் குளிர்விக்கும் கருவியின் விலையோ நம் அரசு மருத்துவமனைகளுக்கு எட்டாதது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் மருத்துவர் நிரஞ்சன் தாமஸும் அவருடைய குழுவினரும் வேறு வழி யோசித்தார்கள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் மெழுகு போன்ற பொருள்கள் உண்டு. உருகும்போது அவை சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். உருகி முடியும்வரை தம் வெப்பநிலையில் அதிகம் மாறாது. அந்தப் பொருளைப் பலகைகளாக்கி, தொட்டில் ஒன்றில் பரப்பி, மேலே மெத்தையிட்டுக் குழந்தையைக் கிடத்தினால், மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் இல்லாமலே குழந்தையின் உடல் 33.5-ஐ ஒட்டி நிற்கிறது. இந்திய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மிராகிரேடில் என்ற பெயரில் அது வெளிவந்தது. ஐஸ் பொட்டலம் வைத்துக் குளிரவைத்தால் வெப்பம் ஏறி இறங்கும், செவிலியர் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொல்லை இதில் குறைவு. வேலூரில் 50 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், குளிரவைத்த குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் மூளைச் சேதம் குறைந்திருந்தது. புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வும் குளிரவைத்தலுக்குச் சாதகமாகவே வந்தது. குறைந்த செலவில் நம் கைக்குள் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி எங்கும் பரவியது. நாடு முழுவதும் பல மருத்துவமனைகள் குளிரவைக்கத் தொடங்கின.

அந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் ஹீலிக்ஸ் ஆய்வு நடந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தையில் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகள் அதில் சேர்ந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளும் அவற்றில் உண்டு. 2015 ஆகஸ்டு முதல் 2019 பிப்ரவரி வரை 408 குழந்தைகள். பாதிப்பேருக்குக் குளிரவைத்தல், பாதிப்பேருக்கு வழக்கமான தீவிர சிகிச்சை. குழந்தைகளை ஒன்றரை வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். 2021-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. இறப்பும் ஊனமும் சேர்ந்த கணக்கில் குளிரவைத்த பிரிவில் 50 விழுக்காடு, மற்றதில் 47, வேறுபாடு இல்லை. இறப்பை மட்டும் பார்த்தால் குளிரவைத்தவர்களில் 42 விழுக்காடு, வைக்காதவர்களில் 31.

இந்த எண்களை நான் இன்னொரு முறை சொல்ல விரும்புகிறேன். 202 குழந்தைகளைக் குளிரவைத்தார்கள், 84 பேர் இறந்தார்கள். 206 குழந்தைகளைக் குளிரவைக்கவில்லை, 63 பேர் இறந்தார்கள். லண்டனிலும் டெட்ராய்டிலும் உயிர் காத்த அதே சிகிச்சை.

இதற்கு என்ன விளக்கம்? நம் பக்கத்தில் பல குழந்தைகளுக்குச் சேதம் பிரசவத்தின் இறுதி நிமிடங்களில் ஒரே அடியாக விழுவதில்லை, வலி எடுத்த நெடுநேரத்தில் விட்டுவிட்டுப் பலமுறை விழுகிறது, பிறந்த பிறகு ஆறு மணி நேர வாசல் என்பதே அவர்களுக்கு மூடியிருக்கலாம் என்று ஆய்வுக் குழுவினர் கருதுகிறார்கள். எம்.ஆர்.ஐ. படங்களில் சேதம் விழுந்திருந்த இடமும் மேல்நாட்டுக் குழந்தைகளிடம் காண்பதிலிருந்து வேறாக இருந்தது. குளிரவைத்த பிரிவில் இரத்தத் தட்டணுக்கள் குறைதலும் இரைப்பையில் இரத்தக் கசிவும் கூடியிருந்தன. நல்ல வசதியுள்ள பிரிவுகளில், சரியான குழந்தையைத் தேர்ந்து செய்தால் பயன் உண்டு என்று வாதிடும் தேர்ந்த மருத்துவர்கள் இன்றும் நம் நாட்டில் இருக்கிறார்கள். வேலூர், ஜிப்மர் அனுபவங்களை அவர்கள் காட்டுகிறார்கள். அந்த வாதம் முடியவில்லை.

ஆனால் ஒன்றில் எனக்கு ஐயமே இல்லை. ஹீலிக்ஸ் நடந்தது நல்லது. அதை நடத்தத் தேவையில்லை, மேல்நாட்டில் நிரூபித்ததை இங்கே மறுபடி சோதிப்பது நம் குழந்தைகளுக்குச் சிகிச்சையை மறுப்பதாகும் என்று அந்நாளில் சொன்னவர்கள் இருந்தார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். சோதிக்காமல் விட்டிருந்தால், நம்பிக்கையோடு நாம் செய்யும் சிகிச்சை நம் குழந்தைகளுக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்ற எண்ணமே எழாமல் இந்த நாடு குளிரவைத்துக்கொண்டே போயிருக்கும். கையெழுத்துப் போட்டுத் தம் குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்த்த பெற்றோர்களுக்கு, அதிலும் குழந்தையை இழந்தவர்களுக்கு, நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் எளிய குடும்பத்தினர். பேர் தெரியாத அந்தத் தாய்தந்தையரை இந்த மேடையில் கைகூப்பி நினைக்கிறேன். அதே ஆய்வாளர்கள் சென்னை உள்ளிட்ட ஊர்களில் பிரசவ நேரக் கவனிப்பையே மேம்படுத்திச் சேதத்தைத் தடுக்கும் முயற்சியில் இறங்கியிருக்கிறார்கள். வலி எடுத்த தாயின் அருகில் ஒருவர் இருந்து குழந்தையின் இதயத்துடிப்பைத் தவறாமல் பார்ப்பது எந்தத் தொட்டிலைவிடவும் முந்தியது.

இதயம் நின்று மீட்கப்பட்டவர்களின் கதையும் ஏறத்தாழ இப்படியே நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2002-இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் குளிரவைத்தால் மூளை தேறுகிறது என்றன. 2013-இல் 939 பேரிடம் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டார்கள், வேறுபாடில்லை. 2021-இல் 1,800-க்கும் மேற்பட்டவர்களிடம் 33 டிகிரியையும் காய்ச்சல் வராமல் காப்பதையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் முறையே 50 விழுக்காடும் 48 விழுக்காடும். முந்தைய ஆய்வுகளில் குளிரவைக்காத பிரிவினருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. குளிர் செய்த நன்மை என்று நினைத்ததில் ஒரு பகுதி, காய்ச்சல் செய்த தீமை இல்லாமற்போனதுதானோ என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்வி மறுபடியும் பக்கவாதத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறது. மூளையைக் குளிரவைப்பதில் நாம் இன்னும் வெல்லவில்லை. ஆனால் சூடேறினால் மூளை கெடுகிறது என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 390 நோயாளிகளைப் பார்த்து 1996-இல் எழுதினார்கள்: மருத்துவமனைக்கு வரும்போது உடல் வெப்பம் ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால், விளைவு மோசமாவதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். இதைக் கையில் எடுத்துக்கொண்டு நடைமுறையில் பெரிய மாற்றம் செய்தவர் ஆஸ்திரேலியச் செவிலியர் பேராசிரியர் சாண்டி மிடில்டன். 19 பக்கவாதப் பிரிவுகள், செவிலியர் செய்யும் மூன்று வேலைகள். முதல் மூன்று நாளும் தவறாமல் வெப்பம் பார்த்து, 37.5 டிகிரியைத் தொட்டாலே, அதாவது நம் கணக்கில் 99.5 ஆனாலே, பாரசிட்டமால் கொடுப்பது. சர்க்கரையைப் பார்த்துக் கட்டுக்குள் வைப்பது. விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாயில் எதுவும் கொடுக்காதது. 2011-இல் முடிவு வந்தது. 90-ஆம் நாளில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் பழைய முறையில் 58 விழுக்காடு, புதிய முறையில் 42. புதிய மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. இப்படி ஒரு முடிவைக் காண எத்தனை நிறுவனங்கள் எத்தனை கோடி செலவழித்துத் தோற்றிருக்கின்றன என்பதை அறிந்தவன் என்ற முறையில், அந்தச் செவிலியர்களின் பணி இந்தத் துறையில் நிகழ்ந்த பெரும் சாதனைகளில் ஒன்று என்று சொல்வேன்.

அப்படியானால் காய்ச்சலே வராமல் இயந்திரம் வைத்து முன்கூட்டியே தடுத்துவிடலாமே என்றும் பார்த்தார்கள். 677 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. காய்ச்சல் குறைந்தது, ஆனால் நோயாளிகளின் அன்றாடச் செயல்பாட்டில் கூடுதல் தேர்ச்சி காணவில்லை. ஆகவே காய்ச்சல் வந்தால் விடாமல் கவனிப்பது சரி. ஆரோக்கியமான வெப்பத்தில் இருப்பவரை இயந்திரத்தால் கட்டிப்போடுவதற்கு இன்று ஆதாரம் இல்லை.

அடைப்பைக் குழல்வழி எடுத்துவிட்டு, அதே குழலின் வழியாகக் குளிர்ந்த உப்புநீரை நேரே அந்த இடத்துக்குச் செலுத்தும் முறையைப் பெய்ஜிங்கில் சோதித்து வருகிறார்கள். உடல் முழுவதையும் குளிரவைக்காமல் மூளையின் அந்தப் பகுதியை மட்டும் குளிரவைப்பதால் நடுக்கம் வராது. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஹீலிக்ஸைக் கண்ட பிறகு, இந்தியாவில் சோதிக்கும்வரை என் நோயாளிக்குச் செய்ய மாட்டேன்.

ஆக, இன்றைக்குப் பக்கவாதத்தில் நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் முதல் வழிதான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு என்றால், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழல்வழி எடுக்கலாம். அதிலும் முந்தியவருக்கே பலன் அதிகம். இங்கே நம் செட்டிநாட்டு ஊர்களைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

நாலரை மணி நேரம் என்றால் எப்போதிலிருந்து? நோயாளியைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக ஒருவர் பார்த்த நேரத்திலிருந்து. ஒரு தெருவைத் தாண்டி அடுத்த தெருவரை நீளும் நம் வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள்? பங்காளிகளின் அறைகள் பூட்டிக்கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். முகப்பில் ஒருவர் மயங்கி விழுந்தால் இரண்டாம் கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. ஓர் ஆச்சி மட்டும் ஒரு மூலையில் படுத்து எழுகிறார். இரவு எட்டு மணிக்குப் பேரனிடம் போனில் நன்றாகப் பேசியிருப்பார். காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரும் பெண் கதவைத் தட்டும்போது வாய் கோணிக் கிடப்பார். எங்கள் கணக்கில் பதினோரு மணி நேரம் போய்விட்டது. சிறப்பு எம்.ஆர்.ஐ. எடுத்துச் சிலரைத் தேர்ந்து ஊசி போட இயலும் என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. உண்மையில் அவருக்கு வாதம் வந்தது காலை ஆறு மணிக்காக இருக்கலாம். பார்த்தவர் இல்லாததால் நாங்கள் கை கட்டி நிற்கிறோம்.

இதோடு, கண்டுபிடித்த பிறகு போகும் நேரமும் உண்டு. புறா இரத்தம் பூச அழைத்துப் போகிறார்கள். மகன் போனை எடுக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் சேர்த்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். மயக்கம் தெளியட்டும் என்று வாயில் காப்பியை ஊற்றுகிறார்கள். அது நுரையீரலுக்குப் போய் மூன்றாம் நாள் காய்ச்சலாகத் திரும்புகிறது. வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துவிடுகிறார்கள். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது சி.டி. ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே எமன். இதையெல்லாம் அன்பினால்தான் செய்கிறார்கள். அன்பு இருக்கிற இடத்தில் தகவலும் இருந்துவிட்டால் போதும் என்பதால்தான் சொல்கிறேன்.

அறக்கட்டளையாரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. இந்த ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள். ஒவ்வொருவரோடும் இரவு படுக்கும் முன் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை, நேரிலோ போனிலோ பேசுவதற்கு ஓர் ஆளைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே வந்திருக்கும் பிள்ளைகள் அதைச் செய்வார்கள். சி.டி. ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் நடுநிசியிலும் கிடைக்கும் மருத்துவமனை எது, சிவகங்கையா, மதுரையா, இடையில் வேறேதும் உண்டா என்பதை இந்த மாதமே நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். ஆண்டுக்கொரு முறை மறுபடியும் கேளுங்கள். இந்த விவரம் மாறிக்கொண்டே இருக்கும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இரத்த அழுத்த மாத்திரையை யார் யார் விட்டுவிட்டிருக்கிறார்கள் என்றும் அந்தப் பிள்ளைகளே விசாரித்துச் சொல்லலாம். வாதம் வருவதைத் தடுக்கும் முதல் மருந்து அதுதான்.

ஒவ்வொரு வீட்டிலும் போன் இருக்கும் இடத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள், பெரிய எழுத்தில். வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல், இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் 108. வாயில் தண்ணீர்கூட வேண்டாம். மாத்திரை வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தவர் பெயர், பார்த்த நேரம், சாப்பிட்டு வரும் மாத்திரைகளின் சீட்டு, சேர்க்க வேண்டிய மருத்துவமனையின் பெயரும் எண்ணும். இந்தத் தாளின் மாதிரியை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆசிரியர் ஐயாவே தொடங்கட்டும்.